பாட்டுக்குப் பின்னால் பத்தொன்பது விநாடி

எப்சியின் மடியில் மூன்று போன்கள் என் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கின்றன, யாருக்கும் கேட்காமல். சத்தத்தை ஒரே ஒரு புள்ளியில் வைத்து, மூன்றையும் துப்பட்டாவில் சுற்றி, மேலே கைப்பையை அமர்த்தியிருக்கிறாள். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டால் ஆப் அதை ஒரு தடவை கேட்டதாக எண்ணாது என்று எங்கோ படித்திருக்கிறாள். என்னைப் போலத் தனியாகப் பாட்டுப் போடுகிற எல்லோருக்கும் இப்படி ஒரு எப்சி இருப்பாள், எல்லா எப்சிகளும் இதை நம்புவார்கள். ஒரு போன் அவளுடையது, ஒன்று அவள் அம்மாவுடையது, ஒன்று மதினியிடம் கெஞ்சி வாங்கியது. காலை ஆறு மணிக்குப் பாட்டு வெளியானதிலிருந்து மூன்றும் நிற்கவில்லை. பாட்டு மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. அதற்குப் பிறகு பதினெட்டு விநாடி ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு பத்தொன்பது விநாடி நான் எப்சியைப் பற்றிப் பேசுகிறேன். பிறகு மறுபடி முதலிலிருந்து கிட்டார். மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்காததால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு போன் அவள் தொடைமேல் அதைச் சொல்கிறது. பாளையங்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒன்று. இப்போது இன்னொன்று. அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறாள், தோலை ஊதி வெளியே விடுகிறாள், பாதி காற்றில் திரும்பி வந்து என் முகத்தில் விழுகிறது, "ஏட்டி, சாரி" என்று என் கன்னத்தைத் துடைத்துவிடுகிறாள். அவள் விரலில் உப்பு.

சகாயண்ணன் மதுரைக்காரர். தனித்தனியாகப் பதிந்த கிட்டாரையும் குரல்களையும் கலந்து ஒரு பாட்டாக்கித் தருபவர். நேரில் பார்த்ததே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம், நான் என் அறையிலும் அவர் தன் ஸ்டுடியோவிலுமாக லைனில் உட்கார்ந்து கடைசியாகக் கலந்தோம். நாங்கள் பேசுவதும் ஒரு ட்ராக்காகப் பதிவாகிக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "கனி, இந்த ரெண்டாவது குரலை என்னம்மா செய்ய? கொஞ்சம் ஏத்தவா?" என்று கேட்டார். இரண்டாவது குரல் எப்சியுடையது. நான் சொன்னேன்: "ஐயோ வேண்டாண்ணே. இறக்குங்க. இருக்கிறதே தெரியக்கூடாது. பேரு மட்டும் போட்டுருவோம், இல்லைன்னா நாளைக்குப் போஸ்டர் ஒட்ட யாரு வருவா?" அவர் சிரித்தார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. யாராவது என்னால் சிரித்தால் எனக்கு உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும், இன்னும் வேண்டும் என்று இருக்கும். நான் எப்சி மாதிரியே பாடிக் காட்டினேன். "காத்து வந்து கேட்டுச்சு, கொடித்துணி யாரோடது, யாரோடது." அந்த 'யாரோடது'வுக்கு முன்னால் அவள் மூச்சை இழுப்பாள், தொண்டைக்குள் ஒரு சின்னக் கதவு திறக்க மறுத்துக் கிறீச்சிடுகிற மாதிரி. அதையும் சேர்த்துப் பாடினேன். சகாயண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். "இதை ரெக்கார்டு பண்ணாம விட்டுட்டமே" என்றார். பாட்டின் வாலில் ஒட்டிக்கொண்ட பதிவு அத்தோடு முடிகிறது. அவர் அனுப்பிய பைலில் பாட்டு முடிந்ததும் நான் நிறுத்திவிட்டேன். என் குரல் நின்ற இடத்தில் நானும் நிறுத்திவிடுவது என் வழக்கம், அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்று நினைப்பு. தளத்தில் ஏற்றியது எப்சி. அவளும் பாட்டு முடிந்ததும் நிறுத்தியிருப்பாள், கடைசியில் நீண்டு கிடந்த அமைதியை ஸ்டைல் என்று நினைத்திருப்பாள். இன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஈரத்தலையைச் சீவிக்கொண்டிருந்தபோது போன் கட்டிலில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கை எண்ணெயாக இருந்ததால் நிறுத்தவில்லை. அறைக்குள் யாரோ எப்சியைக் கேலி செய்தார்கள். நான்தான்.

அதிலிருந்து மூன்றேமுக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, நான் இன்னும் எப்சியிடம் சொல்லவில்லை. நாலு மணிக்குத் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரி விழாவில் இடைவேளையின்போது அரங்கத்து ஸ்பீக்கரில் பாட்டைப் போடப்போகிறார்கள், அதற்குப் பிறகு நான் மேடையில் இரண்டு பாட்டு. அறுநூறு பெண்கள். எப்சிதான் போனை ஸ்பீக்கரில் மாட்டுவாள், எப்சி ஒரு பாட்டை ஒருபோதும் நடுவில் நிறுத்தமாட்டாள், அது முடிந்து தானாக நிற்கும்வரை மேடையோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். எனவே நாலு மணிக்குள் சொல்ல வேண்டும். அல்லது பாட்டை எடுக்க வேண்டும். எடுக்க முடியும், ஒரே அழுத்தல்தான், ஆனால் கணக்கு எப்சியின் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் அவளிடம். பைலை மட்டும் மாற்றுகிற வசதி இல்லை. எடுத்தால் எல்லாம் போய்விடும், திரும்பப் போட்டால் பூஜ்யத்திலிருந்து. 'மிக்ஸில ஒரு தப்பு இருக்கு எப்சி, எடுத்துட்டு வேற போடு.' இதைக் காலையிலிருந்து எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன். 'எங்கட்டி தப்பு? பொறு, கேக்கேன்' என்பாள். அவள் அப்படித்தான், எதையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள், என்னைத் தவிர. என்னை மட்டும் கேட்காமலே நம்புவாள்.

பேசாத பெண்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நல்ல எண்ணம் உண்டு. 'கனி வாயில்லாப் பூச்சி' என்று பள்ளியில் டீச்சர்கள் சொல்வார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தபோதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேயர் எடுக்கிற டீச்சர் 'ஆண்டவரே' என்னும்போது கீழுதடு இடப்பக்கம் போவதை, வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் முழங்காலை இரண்டு தட்டு தட்டுவதை. வீட்டுக்கு வந்து எப்சிக்கு மட்டும் செய்து காட்டுவேன். அவள் தரையில் உருண்டு சிரிப்பாள், சிரித்தால் அவளுக்கு இழுப்பு வரும், இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டே 'இன்னொரு தடவ, இன்னொரு தடவ' என்று கையைக் காட்டுவாள். அவளை மட்டும் நான் செய்து காட்டியதில்லை. அவளிடம் காட்டியதில்லை என்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பாட்டுப் போட்டிக்குப் போன இடத்தில் அவளுக்கு மூச்சு நின்றுவிடுகிற மாதிரி ஆகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் அம்மா வந்து சேரும்வரை ஒரு மத்தியானம் முழுக்க நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சையும் கேட்டேன். உள்ளே போகும்போது இரண்டாக உடைந்தது, முதலில் ஒரு கீச்சு, பிறகு ஒரு இடைவெளி, பிறகு மீதி. அடுத்தது வருமா வராதா என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் செத்துச் செத்துப் பிழைத்தேன். அப்படிக் கேட்டுக் கற்றுக்கொண்டது அது. வேறு யாராலும் அவ்வளவு சரியாகச் செய்ய முடியாது. அன்றைக்கு நான் நிஜமாகத்தான் அழுதேன், இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

"எங்க போறீய பிள்ளையளா?" என்று எனக்கு இந்தப் பக்கம், வழியோரத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா கேட்கிறாள். மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு. கேள்வி என்னிடம்தான், ஆனால் எப்சி என் மேல் சாய்ந்து தலையை நீட்டிவிட்டாள். "தூத்துக்குடிக்கும்மா. இவ பாட்டுக்காரி. இன்னைக்கு இவ பாட்டு ரிலீசு." அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். "எந்தப் படத்துல?" "படத்துல இல்லம்மா, தனியா. இவளே எழுதி இவளே பாடுதா." "படத்துல இல்லியா?" என்று இழுத்தாள், அந்த இழுப்பில் என் நாலு வருடப் பாட்டு முழுவதும் ஒரு தூக்கு மூடியில் அடங்கிவிட்டது. எப்சி விடவில்லை. QR கட்டம் அச்சடித்த ஒரு தாளைப் பையிலிருந்து உருவி நீட்டினாள். "போன் வச்சிருக்கியளா? இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணுங்க, பாட்டு வந்துரும்." "நம்ம போனு பட்டன் போனும்மா." "அப்போ ஒங்க மவன்கிட்ட குடுங்க" என்று அந்தத் தாளை அவள் தூக்கின் மேலேயே வைத்துவிட்டாள். "மவன் சவுதில இருக்கான்." "அங்கயும் கேக்கும்மா, துட்டா கேக்கப் போறாவ!" அந்த அம்மா சிரித்துவிட்டுத் தாளை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள். எப்சி என் காதில், "ஒன்னு" என்றாள். இப்படித்தான் எண்ணுவாள். அந்த நேரம் அவள் அம்மாவின் போனில் நான் 'இருக்கிறதே தெரியக்கூடாது' என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

எப்சி இல்லாவிட்டால் நான் இல்லை என்று பேட்டிகளில் சொல்வதற்காக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். பேட்டி எடுக்க யாரும் வரவில்லை. செல்வக்கனி என்ற என் பெயரை 'கனி' ஆக்கியவள் அவள். "முழுசா வச்சா மளிகைக்கடை போர்டு மாதிரி இருக்குட்டி." அவள் வேலை பார்ப்பது ஒரு பிரிண்டிங் கடையில், அங்கேதான் என் போஸ்டர்கள் அடிக்கப்பட்டன, மிஞ்சிய தாளில், சில போஸ்டர்களின் பின்பக்கம் கல்யாணப் பத்திரிகை. ஒவ்வொரு பாட்டுக்கும் இருநூறு பேருக்கு மேல் தனித்தனியாக மெசேஜ் அனுப்புவாள், ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரைக் கையால் அடித்து, பொத்தாம்பொதுவாக அனுப்பினால் யாரும் திறக்கமாட்டார்கள் என்று. 'வணக்கம் லில்லி டீச்சர், நம்ம கனி புதுப் பாட்டு போட்டிருக்கா.' 'வணக்கம் முத்து அண்ணாச்சி, நம்ம கனி.' நம்ம கனி. திருநெல்வேலியில் ஒரு காபி ஷாப்பில் நான் பாடினபோது எட்டுப் பேர் இருந்தார்கள், ஆறு பேர் ஒரே பிறந்தநாளுக்கு வந்தவர்கள், கேக் வெட்டுகிற நேரத்தில் முதலாளி என்னை நிறுத்தி அந்தப் பிறந்தநாள் பாட்டைப் பாடச் சொன்னார். பாடினேன். எப்சி அதை வீடியோ எடுத்து, கேக் வருகிற இடங்களை நீக்கிவிட்டு, என் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போட்டாள், 'மகிழ்ச்சியில் ரசிகர்கள்' என்று எழுதி. எனக்கு அவமானமாக இருந்தது, அவளுக்கு இல்லை. அந்த நாளிலிருந்துதான் அவள்மேல் எனக்கு ஒரு எரிச்சல் வளர்ந்தது என்று நினைக்கிறேன். நான் தோற்றதற்கெல்லாம் அவள் ஒருத்தி சாட்சியாக இருந்தாள், அதைத் தோல்வி என்றே ஒத்துக்கொள்ளாத சாட்சி. தான் பாடவேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை. 'யாரோடது யாரோடது வர்ற எடத்துல கூட ஒரு குரல் இருந்தா நல்லாருக்கும்' என்று நானே ஒருநாள் சொன்னேன், அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்ற முடியவில்லை. ஒரு வாரம் தயிர் சாப்பிடாமல் இருந்தாள்.

வல்லநாட்டுக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஆள் இறங்கினார்கள், ஆள் ஏறினார்கள், யாரோ ஒருவர் பின்னால் ஆட்டுக்குட்டியை ஏற்றலாமா கூடாதா என்று கண்டக்டரோடு வம்பு வளர்த்தார், டிரைவர் அலுத்துப்போய் எஞ்சினை அணைத்தார். எஞ்சின் அணைந்ததும் உலகம் முழுவதும் காதாகிவிட்டது. துப்பட்டாவுக்குள்ளிருந்து கொசு மாதிரி ஒரு சத்தம். கிட்டார். அதன்மேல் இன்னொரு கிட்டார், வேறு இடத்தில். இரண்டுக்கும் அடியில் ஏதோ ஒரு பேச்சு மாதிரி, வார்த்தை இல்லாத பேச்சு. எனக்குத் தெரிந்துவிட்டது. எப்சியும் குனிந்தாள். "என்னமோ ஒன்னு எடையில பேசுது பாரு, விளம்பரமா?" என்று துப்பட்டாவைப் பிரிக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். இதுவரை பஸ்ஸில் சத்தமாகப் பேசியிராத நான் ஊருக்கே கேட்கிற மாதிரி, "எப்சி, எனக்கு வயித்தக் கலக்குது!" என்றேன். முன்சீட்டு ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார். தூக்கு அம்மா, "எறங்கணுமா பிள்ள?" என்றாள். எப்சி போன்களை மறந்துவிட்டாள். என் முதுகைத் தடவினாள். "பயம்ட்டி. மேடைன்னா ஒனக்கு எப்பவும் இப்படித்தான. தண்ணி குடி. நான் இருக்கேன்லா." பாட்டிலைத் திறந்து என் வாயில் வைத்தாள். நான் குடித்தேன். மடக் மடக்கென்று சத்தம் வருகிற மாதிரி குடித்தேன், எஞ்சின் மறுபடி கிளம்பும்வரை. ஆட்டுக்குட்டி ஏறவில்லை. பஸ் ஆற்றுப்பாலத்தின் மேல் போனது, கீழே தாமிரபரணியில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், நான் சொல்ல வேண்டிய இடம் இதுதான், பாலம் முடிவதற்குள் சொல்லிவிடுவேன் என்று வைத்துக்கொண்டேன். பாலம் முடிந்தது.

என் போனை எடுத்தது தப்பு. இல்லை, எடுக்காமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஏறும்போது முந்நூற்றுப் பத்தாக இருந்த எண்ணிக்கை நாலாயிரத்து நானூறாக இருந்தது. முதலில் நான் பார்த்தது எண்ணை மட்டும்தான். நாலாயிரத்து நானூறு. முந்தைய மூன்று பாட்டுகளையும் கூட்டினாலும் இதில் கால்வாசி வராது. என் கழுத்தில், காதுக்குப் பின்னால், ஒரு சிலிர்ப்பு. விரலால் கீழே இழுத்தேன், ஐயாயிரம். நம்ம கனி. என் கொடித்துணியை ஐயாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், மழைக்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஓடுகிற அந்த இரண்டாவது சரணத்தை, நாலு மாதம் எழுதி எழுதி அழித்ததை. அப்புறம்தான் கருத்துகளைத் திறந்தேன். 'நேரா 4:06 போங்க மக்களே.' 'பாட்டு சுமார், கடைசி வேற லெவல்.' 'மிமிக்ரி அக்கா தனி சேனல் ஆரம்பிங்க.' 'அந்த ரெண்டாவது குரல் யாருப்பா? பாவம்யா, அது பாட்டுக்குப் போஸ்டர் ஒட்டிட்டு இருக்கும்.' அதற்குக் கீழே நூற்றுக்கும் மேல் சிரிப்பு. யாரோ அந்தப் பத்தொன்பது விநாடியை மட்டும் வெட்டி வேறு எங்கோ போட்டிருக்கிறார்கள், அதைக் கேட்டவர்கள்தான் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூட மொட்டை மாடியைப் பற்றி எழுதவில்லை. எனக்கு என்ன வந்திருக்க வேண்டும் என்று தெரியும். வந்தது அது இல்லை. வந்தது முதலில் ஒரு பொறாமை, என் பாட்டுக்கு என் கேலியின்மேல் வந்த பொறாமை. அதற்குப் பிறகு, மெதுவாக, மறுபடியும் அந்தச் சூடு. சகாயண்ணன் ஒருவர் சிரித்தபோது பரவியது. இப்போது ஐயாயிரம் பேர். விரலால் இழுத்தேன், ஆறாயிரத்து நூறு. இந்தப் பக்கம் இவள் தொடையில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் யார் யாரோ சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நான் ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நல்ல பெண் மாதிரி.

"என்னட்டி பாக்க?" நான் போனைக் கவிழ்ப்பதற்குள் எப்சி பார்த்துவிட்டாள். எண்ணைத்தான் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், உதட்டை அசைத்து ஒவ்வொரு இலக்கமாக எண்ணினாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "ஏட்டி! ஏட்டி ஏட்டி ஏட்டி!" என்னைக் கட்டிப்பிடித்து ஆட்டினாள். கடலைப் பொட்டலம் சிதறியது. "அண்ணே!" என்று கண்டக்டரைக் கூப்பிட்டாள், "இவ பாட்டு ஆறாயிரம் போயிருச்சுண்ணே!" கண்டக்டர் டிக்கெட் கட்டால் காதோரம் சொறிந்துகொண்டே, "ஆறாயிரம் எங்கம்மா போச்சு, வாகைக்குளத்துக்கா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எப்சியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர், சிரித்ததும் அந்தக் கீச்சு வந்துவிட்டது, பையில் கைவிட்டு இன்ஹேலரைத் தேடினாள், வாயில் வைத்து ஒரு தடவை இழுத்தாள், பிடித்துக்கொண்டாள், விட்டாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது. "சொன்னேன்லா," என்றாள் மூச்சு திரும்பியதும், "என்னைக்காவது ஒருநாள் ஒன்னையப் பாப்பாவன்னு சொன்னேன்லா. என்ன எழுதியிருக்காவ, பாப்போம்." நான் "வேண்டாம் எப்சி" என்றேன். அதிலேயே எல்லாம் இருந்தது, ஆனால் அவள் அதையும் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். "கெட்டதா எழுதியிருந்தா எழுதட்டும்ட்டி, எழுதுதாவல்லா" என்று தன் போனை உருவினாள். துப்பட்டா அவிழ்ந்து மற்ற இரண்டும் மடியில் வெளிச்சமாகக் கிடந்தன.

அவள் படிப்பதை நான் பார்த்தேன். அவள் படிக்கும்போது மேலுதடு சற்று முன்னால் வரும், புருவம் அசையாது. முதல் கருத்து. இரண்டாவது. மூன்றாவதில் உதடு நின்றது. "நாலு ஆறுல என்னட்டி இருக்கு?" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்குவாரி லாரியைப் பார்த்தேன். "கனி. நாலு ஆறுல என்ன?" "சும்மா. நானும் சகாயண்ணனும் பேசுனது. வெட்டாம விட்டுட்டாரு" என்றேன். என் குரல் எனக்கே தொலைவில் கேட்டது. அவள் பையில் இயர்போனைத் தேடினாள். இயர்போன் சிக்கலாக இருந்தது. அதை அவிழ்க்க ஒரு நிமிடம் ஆயிற்று, நான் இந்த ஒரு நிமிடத்தை எப்போதும் நினைத்துக்கொண்டிருப்பேன் என்று அப்போதே தெரிந்தது. அவள் விரல்கள் ஒரு முடிச்சை விடுவிப்பதை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், 'கேக்காத' என்று சொல்ல அந்த நிமிடத்தில் எத்தனை விநாடி இருந்தது, அறுபது, நான் ஒரு விநாடியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். திரையில் விரலால் கடைசிக்கு இழுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கோட்டைப் பார்த்தேன். 4:06. 4:09, ஏத்தவா என்று கேட்கிறார். 4:11, ஐயோ வேண்டாண்ணே. 4:16, போஸ்டர். 4:18லிருந்து நான் பாடுகிறேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். அழுகிற முகம் இல்லை. கேட்கிற முகம். யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வருகிற இடத்தில் அவள் கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது. முடிந்தது. மறுபடி இழுத்து முதலிலிருந்து கேட்டாள். அப்புறம் மூன்றாவது தடவை.

இயர்போனை எடுத்தாள். பஸ் வாகைக்குளம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. தூக்கு அம்மா தூங்கி விழித்து எங்களைப் பார்த்துவிட்டு, "வயித்துக் கலக்கம் நின்னுட்டாம்மா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். எப்சி கணக்கைத் திறந்தாள், கடவுச்சொல்லை அடித்தாள், பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மூன்று புள்ளியைத் தொட்டாள். 'நீக்கு' என்று சிவப்பில் வந்தது. கட்டைவிரலை அதற்கு மேலே, படாமல், நிறுத்தினாள். "எடுத்துரட்டா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். போஸ்டரில் பச்சை வைக்கவா நீலம் வைக்கவா என்று கேட்கிற குரல். ஆம் என்று சொல்ல வாய்கூட வேண்டாம், தலை போதும். சற்று முன்னால் அந்த அம்மாவுக்கு ஆட்டிய அதே தலை. அவள் கட்டைவிரலுக்கு மேலே எண் இருந்தது. ஒன்பதாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். பத்தாயிரம் ஆனால் தளம் தானாகவே புதியவர்களுக்குக் காட்ட ஆரம்பிக்கும், இதை எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான். இன்னும் முந்நூறுகூட இல்லை. பிறகு எடுத்துவிடலாம், பத்தாயிரம் தாண்டட்டும், பத்தாயிரத்துக்குப் பிறகு பாட்டையும் கேட்பார்கள், நூறில் ஒருவராவது ஆரம்பத்திலிருந்து கேட்பார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒருத்திதான் கவனிக்கிறவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"சரி," என்று அவள் விரலை எடுத்தாள். போனைத் திருப்பி, கேமராவைத் திறந்து, என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் போதவில்லை போல, என் தோளைத் தொட்டு ஜன்னல் பக்கமாகச் சற்றுத் திருப்பிவிட்டாள், முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "பண்ணு." "என்ன?" "என்னைய மாரி பண்ணு. முகம் தெரியணும். குரலுக்கே இவ்வளவு போகுதுன்னா முகத்தோட இன்னும் போகும்." "எப்சி." "மொத மூணு விநாடியிலயே ஆரம்பிச்சிரு, இல்லன்னா தள்ளிட்டுப் போயிருவாவ." அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் புள்ளி எரிய ஆரம்பித்தது. தூக்கு அம்மா ஆவலாக என் பக்கம் திரும்பினாள். நான் மறுத்திருக்கலாம், எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருக்கலாம், பின்னால் இரண்டு சீட் காலியாகத்தான் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். 'காத்து வந்து கேட்டுச்சு, கொடித்துணி யாரோடது' என்று பாடினேன், மூச்சை இழுத்தேன், 'யாரோடது' என்றேன். அந்த அம்மா சத்தமாகச் சிரித்தாள். "அய்யோ, அப்படியே இந்தப் பிள்ள மாரியே இருக்கே!" என்று எப்சியைக் காட்டினாள். முன்சீட்டு ஆள் திரும்பிச் சிரித்தார். சூடு வந்துவிட்டது, வந்ததை நான் தடுக்கவில்லை. எப்சி பதிவை நிறுத்தி, போட்டுப் பார்த்தாள். மேலுதடு முன்னால் வந்தது. "இல்ல," என்றாள். "மூச்சு சரியா விழல. நான் நடுவுல ஒரு எடம் விடுவேன், நீ அதை விடாமப் போற. இன்னொரு தடவ." மறுபடி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

நான் இன்னொரு தடவை பாடினேன். இந்த முறை சரியாக வந்தது.